தூள் கண்ணுக்கு மறைந்தால் ஒட்டும் விசையும் மறைந்துவிடுமா?

நுண்தூள்:
நண்பர்களே, அரை மைக்ரான் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகளைத் தண்ணீரில் கலக்கினால் பால்வெள்ளையாக இருக்கிறது. உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திரண்டு அடியில் படிகிறது. அதையே கிளிசரால் 85% உள்ள நீர்க்கலவையில் செய்தேன். டியூப் பளிச்சென்று தெளிந்துவிட்டது. அதே உப்பு போட்டும் திரளவில்லை, மறுநாள் வரை படிவும் இல்லை. ஒளிவிலகல் எண் ஒத்துப்போனால் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பே போய்விடும் என்கிறார் உடன் வேலை செய்பவர். ஒளிக்கும் ஒட்டுதலுக்கும் என்ன சம்பந்தம்? டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) தூள் மட்டும் தண்ணீரில் ஏன் கட்டிகட்டியாகிறது?

அலைவு:
சம்பந்தம் உண்டு. ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக அசைகின்றன என்பதைத்தான் ஒளிவிலகல் எண் காட்டுகிறது. ஒளியே இல்லாவிட்டாலும் அவை தாமாக அலைபாய்கின்றன. ஒரு துகளின் அலைவு அடுத்த துகளைத் தூண்டுவதால் ஈர்ப்பு வருகிறது. அணுக்களுக்கு இதை ஃபிரிட்ஸ் லண்டன் 1930இல் கணக்கிட்டார், பெரிய துகள்களுக்கு ஹமாக்கர் 1937இல். இடையில் திரவம் இருந்தால் துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் திரவத்தின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு, அதுவும் வர்க்கமாக. உங்கள் நண்பர் சொன்னது சரியே.

அடிப்படிவு:
பாதி சரி. உங்கள் டியூப் அதை நிரூபிக்கவில்லை.

முதலில் படிவு. அந்த அளவு சிலிக்கா உருண்டை தண்ணீரில் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் போல இறங்கும். 85% கிளிசராலின் பாகுநிலை தண்ணீரைவிடச் சுமார் நூறு மடங்கு, அடர்த்தியும் கூட. அங்கே அதே உருண்டை ஒரு நாளில் 0.1 மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். துகள்கள் ஒன்றையொன்று சந்திப்பதும் அதே நூறு மடங்கு தாமதம். ஆக, ஈர்ப்பு குறைந்ததா, வேகம் குறைந்ததா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. (இந்தக் கிளிசரால் பரிசோதனையை முடிவு என்று காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.)

இரண்டாவது, இதைவிட மோசம். ஒளிச்சிதறலும் அதே வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததுதான். எண் ஒத்துப்போன திரவத்தில் திரள் இருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது!

சரி, ஈர்ப்பு உண்மையில் எவ்வளவு? எல்லா அதிர்வெண்களையும் சேர்த்துக் கணக்கிடும் லிஃப்ஷிட்ஸ் கோட்பாட்டின்படி, தண்ணீரில் சிலிக்காவின் ஹமாக்கர் மாறிலி (ஈர்ப்பின் வலிமையைச் சொல்லும் எண்) சுமார் 0.46×10⁻²⁰ ஜூல், ரூட்டைல் என்ற படிக வகை டைட்டானியாவுக்கு 5.35×10⁻²⁰. உங்கள் உருண்டைகள் இரண்டு 5 நானோமீட்டர் இடைவெளியில் நின்றால், சிலிக்காவின் ஈர்ப்பு அறை வெப்ப ஆற்றலைப் போல 5 மடங்குதான். டைட்டானியாவுக்கு 50 மடங்குக்கும் மேல். கட்டிகட்டியாவதற்குக் காரணம் இதுதான்.

எண் ஒத்துப்போனாலும் முழுக்கப் பூஜ்யம் ஆகாது. அதிர்வெண் பூஜ்யத்தில், அதாவது மாறாத மின்புலத்துக்கு உரியதாக, ஒரு பங்கு இருக்கிறது. அது ஒளிவிலகல் எண்ணைக் கேட்பதில்லை, நிலையான மின்காப்பு மாறிலியைத்தான் கேட்கும். தண்ணீருக்கு 80, சிலிக்காவுக்கு 4க்குக் கொஞ்சம் கீழே. ஹமாக்கர் மாறிலியில் இந்தப் பங்கு அதிகபட்சம் வெப்ப ஆற்றலில் முக்கால் அளவுதான். உப்பு போட்டால் அதுவும் மங்கிவிடும். அப்புறம், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எண் ஒத்துப்போனால் புற ஊதாவிலும் ஒத்துப்போகும் என்று இல்லை. ஈர்ப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அடர்த்தியான சாம்பிளை வெள்ளை விளக்குக்கு எதிரே பிடித்தால் சிலநேரம் லேசான நிறம் தட்டும். ஏதோ ஒரு அலைநீளத்தில்தான் எண் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்கு அடையாளம்.

கிளிசராலை விடுங்கள், டைமெத்தில் சல்பாக்ஸைடும் நீரும் கலந்து எண்ணைப் பொருத்துங்கள். பாகுநிலை தண்ணீரைவிடச் சில மடங்குதான். உள்ளே ஒளிரும் சாயம் வைத்த சிலிக்காவை எடுத்து, சாம்பிளின் உள்ளே அடுக்கடுக்காகப் பார்க்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பாருங்கள். எண் ஒத்துப்போனாலும் சாயம் ஒளிர்வதால் திரள் தெரியும்.

நுண்தூள்:
நன்றி அண்ணா. சாயம் போட்டால் ஈர்ப்பு மாறாதா? இன்னொன்று: டைட்டானியாவுக்கு ஒளிவிலகல் எண் 2.6 என்று ஒளிவிலகல் எண்ணிலிருந்து ஹமாக்கர் மாறிலியைத் தோராயமாகத் தரும் டேபர்–விண்டர்டன் சூத்திரத்தில் போட்டால் 26×10⁻²⁰ வருகிறது. நீங்கள் சொன்னது 5.35.

அடிப்படிவு:
சாயம் கொஞ்சம்தான், அதுவும் உள்ளே. கவலை வேண்டாம். நிறத்துக்கு இந்தக் கணக்கில் பெரிய பங்கில்லை.

சூத்திரத்தில் நீங்கள் போட்ட புற ஊதா அதிர்வெண் (பொருள் புற ஊதாவை உறிஞ்சும் இடம்) நொடிக்கு 3×10¹⁵ தானே? அது சிலிக்கா, தண்ணீர் மாதிரி ஆட்களுக்கு. டைட்டானியா 400 நானோமீட்டர் பக்கமே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அந்த உறிஞ்சுதல் இவ்வளவு அருகில் இருப்பதால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதன் எண் 2.6 என்று உப்பித் தெரிகிறது. ஹஃப், ஒயிட் இருவரும் 1980இல் எழுதியபடி, பல அலைநீளங்களில் எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தது வரைபடத்தின் செங்குத்து அச்சில். அதையே அதிர்வெண்ணின் வர்க்கத்தால் பெருக்கியது கிடை அச்சில். நேர்கோடு வரும். சாய்வு உண்மையான புற ஊதா அதிர்வெண்ணைத் தரும், வெட்டும் இடம் நீங்கள் போட வேண்டிய எண்ணைத் தரும். இரண்டையும் மாற்றினால் அந்த 26 வெகுவாக இறங்கிவிடும்.