மறு: மறு: ஆஸ்மாட்டிக் லாக்சேட்டிவ் - தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு!)

செ., மதுரை:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். முதியோருக்கான மலச்சிக்கல் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால், மில்க் ஆஃப் மெக்னீசியா மூன்றையும் ஒரு தலைப்பில் அடக்க வேண்டும். இவை பெரும்பாலும் ரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே தங்கி, நீரைத் தம் பக்கம் இழுத்து வைத்து மலத்தை இளக்குபவை. ஆஸ்மோசிஸ் என்பது சவ்வு வழியே நீர் ஊடுருவுவது என்பதால் 'சவ்வூடுபரவல் மலமிளக்கி' என்று எழுதினேன். படித்துப் பார்த்த செவிலியர், "ஆர்.ஓ. தண்ணி விஷயமா சார்?" என்கிறார்.

க., யாழ்ப்பாணம்:
எங்கள் பாடநூல்களில் ஒஸ்மோசிஸ் என்பது 'பிரசாரணம்'. பிரசாரண மலமிளக்கி என்று போடலாமே.

செ.:
ஐயா, இங்கே அதைப் 'பிரசாரம்' என்றுதான் படிப்பார்கள்.

ந., கோவை:
வடசொல் எதற்கு? 'நீரிழு மலமிளக்கி'. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. இழுத்த, இழுக்கிற, இழுக்கும் என முக்காலமும் உள்ளே அடங்கும்.

ம., சென்னை (மருந்தாளுநர்):
முக்காலம்தான் ஐயா சிக்கலே! லாக்டுலோஸ் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும். பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒன்றிலிருந்து மூன்று நாள். காலையில் குடித்துவிட்டு மதியம் ஒன்றும் ஆகவில்லையென்று இன்னொரு வேளை ஊற்றிக்கொள்பவர்களை நான் கடையில் பார்க்கிறேன். அப்புறம் வயிற்றுப்போக்கு, நீர்ச்சத்து இழப்பு. மெக்னீசியா மட்டும் அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் இறங்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது, மெக்னீசியம் உடலில் தேங்கிவிடும்.
இன்னொன்று, 'நீரிழு' என்று அச்சடித்தால் 'நீரிழிவு' என்றுதான் கண்ணில் படும். லாக்டுலோஸ் பாகில் வேறு சர்க்கரைகளும் கொஞ்சம் உண்டு. சர்க்கரை நோயாளிகள் கேட்டுவிட்டு எடுக்க வேண்டிய மருந்துக்கு இப்படியொரு பெயரா?

ந.:
சரி, 'நீர்க்கோள் இளக்கி'. கொள் என்ற வினையின் முதனிலை (வேர்) திரிந்து, அதாவது நீண்டு, கோள் ஆனது.

செ.:
கோள் என்றால் சோதிடரிடம் போய்விடுவார்கள் ஐயா. பேசாமல் 'நீர்ப் பேதி மருந்து' என்று போட்டால் என்ன?

ம.:
வேண்டாம். பேதி என்றாலே நாலைந்து தடவை போனால்தான் மருந்து வேலை செய்தது என்று நினைப்பார்கள். இது அப்படிக் கழுவிவிடுகிற மருந்து இல்லை.

க.:
பேதி என்றதும் நிலாவரை (சென்னா இலை) ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரன் திருநெல்வேலி பெயரிலேயே 'டின்னவேலி சென்னா' என்று விற்றானாம். அதற்கு நம்மவர்கள் எத்தனை பெயர் வைத்திருந்தார்கள்! நிலவாகை என்றும்...

ம.:
ஐயா, நிலாவரை குடல் தசையைத் தூண்டும் வகை. இந்த அறிக்கையில் வராது. பெயர் எதுவானாலும் செ. தம்பி இதைச் சேர்த்துவிடுங்கள்: உறையில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கடும் வயிற்றுவலி, வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால் மருந்தை எடுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் மருந்து தேவைப்பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

செ.:
சேர்த்தாயிற்று அம்மா. பெயருக்கு நாளை காலைதான் கெடு. 'நீர் ஈர்க்கும் மலமிளக்கி' என்று முடித்துக்கொள்ளலாமா?

ம.:
எனக்குச் சம்மதம். கடையில் வாய்விட்டுக் கேட்க முடிகிறது.

ந.:
இது கலைச்சொல் இல்லை, விளக்கம். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். நீர்க்கோள் ஒருநாள் வழக்குக்கு வரும்.

க.:
நீரை ஈர்ப்பது மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோல் உமியும்தான், அதுவும் ஊறி உப்புகிறதே. சவ்வையே காணோமே இந்தப் பெயரில்? மாணவர்களுக்கு நான் பிரசாரணம் என்றுதான் சொல்வேன்.

செ.:
இரண்டுக்கு இரண்டு, என்னையும் சேர்த்து. அச்சகத்துக்காரர் போன் செய்துகொண்டே இருக்கிறார், அனுப்பிவிட்டேன். அடுத்த பக்கத்தில் எலக்ட்ரோலைட் (உடலிலுள்ள சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) வருகிறது. மின்பகுளி போதுமா?

க.:
நாங்கள் மின்பகுபொருள் என்போம்.