ஏற்றத்தில் மாரிஸ் மைனர் திணறுகிறது, பீட்டில் ஏறிவிடுகிறது. வண்டியின் குணமா, கோளாறா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)
வணக்கம். என்னிடம் இருப்பது மாரிஸ் மைனர் 1000, 1098 சிசி. ஜோஹானஸ்பர்க்கில் பெரியப்பா வைத்திருந்த வண்டி, அவர் போன பிறகு இங்கே கொண்டுவந்தோம், விற்க மனமில்லை. மச்சானிடம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1300. இரண்டு பேரும் பைன்டவுனிலிருந்து க்ளூஃபுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் வழியாக ஏறினால் எனக்குப் பாதி ஏற்றத்திலேயே மூன்றாவது கியர் இழுக்கவில்லை, இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கிறது, அவர் மூன்றிலேயே போய்விடுகிறார். புத்தகத்தில் எனக்கு 48 குதிரைத்திறன், அவருக்கு 40. தீப்பொறிக்கான பாயின்ட் இடைவெளி பார்த்தாயிற்று, ஸ்பார்க் பிளக்கும் புதுசு. பீட்டில்தான் பலமான வண்டியா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
தம்பி, அந்த 48 வருவது இன்ஜின் நிமிடத்துக்கு 5100 சுற்று சுற்றும்போது, அவருடைய 40 வருவது 4000 சுற்றில். ஏற்றத்தில் நாம் அவ்வளவு முறுக்குவதில்லை, அங்கே டார்க்தான், அதாவது இன்ஜினின் முறுக்கு விசைதான் கணக்கு: பீட்டிலுக்கு 2000 சுற்றிலேயே 87 நியூட்டன் மீட்டர், உங்களுக்கு 2500 சுற்றில் 81 போல. ஆனால் கியரையும் பாருங்கள். கியர் விகிதம் பெரிதானால் இழுவை கூடும், சக்கரம் சிறிதானாலும் கூடும். உங்கள் மூன்றாவது கியர் விகிதம் 1.41, பின் ஆக்சில் விகிதம் 4.22, சக்கரம் 14 அங்குலம். அவருக்கு 1.26, 4.375, 15 அங்குலம். ஆகவே மூன்றாவது கியரில் சக்கரத்துக்குப் போகும் இழுவை உங்களுக்குக் குறையவே கூடாது. கோளாறுதான். முதலில் ஜாக்கி வைத்து நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

பதில் (ஜோஹானஸ்பர்க்)
அண்ணா, வண்டி இங்கிருந்து வந்தது என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். காற்று மெலிவு என்பதால், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் எஸ்யு கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைப்போம். அதே அளவோடு கடலோர டர்பனுக்கு இறக்கினால் அங்கே காற்று அடர்த்தியாக இருக்கும், பெட்ரோல் போதாது. பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது (ஐட்லிங்) கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்குங்கள், இன்ஜின் உடனே அணையப் பார்த்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. அப்புறம் அந்த பிஸ்டனின் அசைவை நிதானப்படுத்தும் எண்ணெய்க் குழாயான டாஷ்பாட்டின் மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்
சக்கரம் நான்கும் லேசாகச் சுற்றின. பிளக் நான்கும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தன, புது பிளக்! பிஸ்டனைத் தூக்கினதும் இன்ஜின் அணைந்தேவிட்டது. டாஷ்பாட்டில் சொட்டு எண்ணெய்கூட இல்லை, மூடியோடு வரும் கம்பியைத் துடைத்தால் துணியில் கறை ஒட்டவில்லை. எண்ணெய் ஊற்றி, பெட்ரோலைக் கூட்ட கார்புரேட்டரின் அடியில் இருக்கும் நட்டை ஒவ்வொரு பட்டையாக (அறுகோண நட்டின் ஒரு பக்கம் அளவுக்கு) திருகி இறக்கினேன், மூன்றாவது பட்டையில் சத்தமே மாறியது. இன்று காலை மச்சானுக்குப் பின்னாலேயே மூன்றாவது கியரில் ஏறினேன், உச்சி வரை இரண்டைத் தொடவில்லை. முந்தவில்லை, இடைவெளியும் விழவில்லை. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இருவருக்கும் ரொம்ப நன்றி.

பதில் (ஜோஹானஸ்பர்க்)
சந்தோஷம் அண்ணா. நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிளக்கை இன்னொரு முறை கழற்றிப் பாருங்கள், பிஸ்கட் நிறம் வந்தால் நட்டை அப்படியே விட்டுவிடலாம்.