அம்மா குடியிருக்கும் வீட்டுக்கு விலை பேசுவது

கேட்டவர்: வளர்மதி, அங் மோ கியோ, சிங்கப்பூர்

1980ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகை தொடங்கிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், 76 வயதான என் தாயார் தனியாக வசிக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்த என் தந்தை, சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த தம் மத்திய சேம நிதியிலிருந்து மாதத் தவணை கட்டி முழுவதுமாக அடைத்த வீடு அது. அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குத்தகை தேயத் தேய விலையும் இறங்கும் என்பதால், இப்போதே விற்று, அம்மாவுக்கு ஓர் ஈரறை வீடு பார்த்துக் கொடுத்து, மீதியைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறான் என் தம்பி. அவன் பேராசைக்காரன் அல்லன். இரண்டு பிள்ளைகளின் துணைப்பாடக் கட்டணம், வீட்டுக் கடன், மாமனாரின் மருத்துவச் செலவு என்று மாதக் கடைசியில் கையைப் பிசைகிறவன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், அதே புளோக்கில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையை அவன் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினான். பார்த்துவிட்டு அம்மா ஒன்றுதான் கேட்டார்: எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவிடம் நம் வீட்டு மாற்றுச் சாவி இருபது வருடமாக இருக்கிறதே, புது இடத்தில் அதை யாரிடம் கொடுப்பது? எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை.

குடியிருக்கும் வீட்டை விற்பனை விலையோடு சேர்த்தே நினைக்கும் பழக்கம் நம் குடும்பங்களுக்குள் எப்படி வந்தது? இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

கதிரேசன், தோ பாயோ

வளர்மதி அவர்களே, நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு ஆண்டு வாரியாகவே விடை சொல்ல முடியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கியபோது வீடுகள் பெரும்பாலும் வாடகைக்குத்தான். 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. முதுமைக்கால ஓய்வுக்கென்று 1955இல் ஏற்பட்ட மத்திய சேம நிதியை வீடு வாங்கவும் பயன்படுத்தலாம் என்று 1968இல் அனுமதித்தார்கள். அன்றிலிருந்து ஓய்வுக்காலச் சேமிப்பும் குடியிருக்கும் சுவர்களும் ஒன்றாகிவிட்டன. பிறகு, தொண்ணூறுகளில் பழைய பேட்டைகளை மேம்படுத்தி வீட்டின் மதிப்பைக் கூட்டுவதே அரசின் கொள்கையாக இருந்ததால், விலை ஏறுவதை நாமும் இயல்பென்று எடுத்துக்கொண்டோம். 99 ஆண்டுக் குத்தகை என்று ஒப்பந்தத்திலேயே அச்சிட்டிருந்தும் அந்த வரியை யாரும் இரண்டாவது முறை படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

2017இல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங், பழைய வீடுகள் எல்லாமே மறுமேம்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படும், அரசு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் என்று எண்ணி அதிக விலை கொடுக்க வேண்டாம் என எழுதினார். 2020 டிசம்பர் 31இல் கேலாங் லோரோங் 3இல் இருந்த 191 தனியார் வீடுகள், 60 ஆண்டுக் குத்தகை முடிந்து, இழப்பீடு இல்லாமல் அரசிடம் திரும்பின. உங்கள் தம்பியின் பயத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அவருடைய பயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கக்கூடும். சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எடுத்து வீடு வாங்கிய ஒருவர், 25 ஆண்டு கழித்து விற்கும்போது, 2.5 விழுக்காட்டுக் கூட்டு வட்டியோடு ஏறக்குறைய 185,000 வெள்ளியைத் தம் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். அது அவருடைய பணம்தான், ஆனால் கைக்கு வரும் ரொக்கம் குறைந்துவிடுகிறது. சொந்த வீட்டைப் பற்றி அப்படிக் கணக்குப் போட்டுப் பழகியவர் தாயாரின் வீட்டையும் அதே கண்ணால் பார்ப்பதில் வியப்பில்லை.

உங்கள் அம்மாவின் வீட்டில் இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குத்தகை இருக்கிறது. 2019 மே மாத விதிப்படி, வாங்குகிறவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் அவர் சேம நிதியை முழு வரம்புக்குப் பயன்படுத்த முடியும். 54 ஆண்டு மிச்சமென்றால் 41 வயதுக்காரருக்குத் தடையில்லை, 30 வயதுக்காரருக்கு வரம்பு குறையும். ஆண்டுக்கு ஆண்டு வாங்குவோர் கூட்டம் சுருங்கும் என்பது உண்மையே. ஆனாலும், 76 வயதில் ஒருவர் இடம் மாறுவதன் விலையை அந்தக் கணக்கில் எந்த வரியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

விற்காமலே பணம் பெறவும் வழி உண்டு. குத்தகையின் பின்பகுதியைக் கழகத்துக்கே விற்றுவிட்டு, குறைந்தது 95 வயதுவரைக்குமான பகுதியை வைத்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கலாம். பணம் முதலில் சேம நிதியின் ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய் மாத வருமானமாக வரும். அதற்குப் பின் வீட்டை வெளிச்சந்தையில் விற்க முடியாது. ஆகவே தம்பியோடு பேசாமல் இதில் இறங்காதீர்கள்.

முத்து, தெங்கா

நான் இங்கே குடிமகன் அல்லன். தெங்காவில் எழும் கழக வீடுகளுக்குக் கம்பி கட்டுகிறேன், எங்களுக்குச் சேம நிதி கிடையாது. அறந்தாங்கிப் பக்கத்தில் என் அம்மா இருக்கும் வீட்டுக்கு, கடைக்கால் ஒரு வருடம், சுவர் ஒரு வருடம், கூரை ஒரு வருடம் என்று போட்டேன். உள்பூச்சு இன்னும் பாக்கி. ஏஜெண்டுக்குக் கொடுக்க அடகு வைத்த அம்மாவின் சங்கிலியை மீட்கவே முதல் ஒன்றரை வருடச் சம்பளம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்தால் அந்த நாளை நான் சிமெண்ட் மூட்டையாகத்தான் எண்ணுகிறேன். அக்கா, உங்கள் தம்பி எண்ணுவதும் அப்படித்தான் இருக்கும், அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் அந்தச் சாவியைப் பற்றி அம்மா கேட்டதைப் படித்ததிலிருந்து, ஊரில் என் அம்மா சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது மனத்தை அறுக்கிறது.

ஷர்மிளா, ஈசூன்

நாங்கள் அப்பாவின் வீட்டை விற்றோம். ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வைக்கிறது. அதன்படி உங்கள் புளோக்கில் சீனர்களுக்கான விகிதம் நிரம்பியிருந்தால், இந்தியக் குடும்பமான நீங்கள் சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. எங்கள் புளோக்கில் அப்படித்தான் இருந்தது. எட்டு மாதம் காத்திருந்தோம். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேரிடம் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினோம். கடைசியில் மேல்மாடிக்காரர் பெற்றதைவிடக் குறைந்த விலைக்கே கொடுத்தோம். கலந்து வாழ வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தம்பி கைப்பேசியில் காட்டிய விலை உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பிப் பங்கு பிரித்துவிடாதீர்கள்.

அப்பா புது வீட்டில் ஐந்து மாதம்தான் இருந்தார். தேநீர் குடிக்கப் பழைய காப்பிக் கடைக்கே பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்.

வளர்மதி

அனைவருக்கும் நன்றி. கதிரேசன் ஐயா எழுதியதையும் ஷர்மிளா எழுதியதையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தனக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்பதை முதன்முறையாக என்னிடம் முழுவதுமாகச் சொன்னான். அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அம்மாவின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தை ஓராண்டுக்கு அவனுக்குக் கொடுக்கலாமா என்று அம்மாவே கேட்டார். வருகிற வெள்ளிக்கிழமை மூவரும் தோ பாயோவிலுள்ள கழகத் தலைமையகத்துக்குப் போகிறோம். முத்து தம்பி, எதிர்வீட்டு அக்காவிடம் இன்று உங்களைப் பற்றிச் சொன்னேன். உங்கள் அம்மா நலமா என்று விசாரிக்கச் சொன்னார்.