நடுநிலையில் இருக்கை நடுங்குகிறது: வைப்பர் மோட்டார் மோஷன் பிளாட்பார்ம், உதவி தேவை

மரச்சட்டம்:
விமான சிமுலேட்டருக்கு முன்பின்னும் பக்கவாட்டிலும் சாயும் இருக்கை ஒன்று கட்டியிருக்கிறேன். இரண்டு 12 வோல்ட் கார் வைப்பர் மோட்டார், ஒவ்வொரு ஷாஃப்டிலும் கோணத்தை அளக்க 10 கிலோ ஓம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்), ஆர்டுயினோ போர்டில் பிஐடி (இருக்க வேண்டிய நிலையையும் இப்போதைய நிலையையும் ஒப்பிட்டு மோட்டாரைத் திருத்தும் நிரல்). இருக்கைக்கு அடியில் யுனிவர்சல் ஜாயின்ட், அதற்கு 40 செ.மீ. பின்னால் இருக்கையை மோட்டார்களோடு இணைக்கும் இரண்டு ராடுகள். கிராங்க் (ஷாஃப்டில் மாட்டிய கை) நீளம் 8 செ.மீ.

சிக்கல் இரண்டு. நடுநிலையில் நிற்கும்போது மோட்டார் 'விர்ர்' என்று நடுங்குகிறது, காலியாக இருந்தாலும்கூட. நான் உட்கார்ந்தால் முன்னால் சாய்ந்த இருக்கை நிமிரத் திணறுகிறது, மோட்டாரும் சுடுகிறது. பிஐடியின் டி மதிப்பை (மாற்றத்தின் வேகத்தைப் பார்த்து அசைவை அடக்கும் எண்) ஏற்றினேன், நடுக்கம் இன்னும் மோசம். மூன்று நாளாக எண்களை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

பல்சக்கரம்:
எண்களை விடுங்கள் நண்பரே. டி ஏற ஏற மோசமானால் பாட் சிக்னலில் இரைச்சல் இருக்கலாம். ராடைக் கழற்றிவிட்டு, பாட்டையும் ஷாஃப்டிலிருந்து எடுத்து டேப் ஒட்டி அசையாமல் வையுங்கள். பிஐடியை நிறுத்திவிட்டு, மோட்டாரை ஒரே வேகத்தில் ஓட விட்டு அளவைப் பாருங்கள்.

மரச்சட்டம்:
மோட்டார் நின்றால் 512, ஓடினால் 505 முதல் 519 வரை குதிக்கிறது! பாட் ஒயரையும் மோட்டார் ஒயரையும் அழகாக இருக்கட்டும் என்று ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன்.

பல்சக்கரம்:
அந்த அழகுதான் வினை. ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரித்து அளக்கிறது, ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட், நீங்கள் சொல்வது 70 மில்லிவோல்ட் ஆட்டம். பாட் ஒயரைத் தனியே பிரித்து, ஷீல்டு ஒயராக (உலோக உறை போட்டது) மாற்றுங்கள். ஆர்டுயினோ பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மோட்டார் மின்சாரம் ஆர்டுயினோவின் கிரவுண்ட் ஒயர் வழியாகத் திரும்பக் கூடாது. அப்புறம் 3 படி டெட்பேண்ட் (அதற்குள் வித்தியாசம் இருந்தால் மோட்டார் அசையாது) போதும்.

எடைக்கல்:
இரண்டாவது சிக்கல் மெக்கானிக்கல். உங்கள் எடைமையம் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது? தரையில் குறுக்கே ஒரு பைப் போட்டு, மேலே இருக்கையை வைத்து உட்கார்ந்தால் சீசா மாதிரி தெரிந்துவிடும்.

மரச்சட்டம்:
10 செ.மீ. முன்னால். நானும் இருக்கையும் சேர்ந்து 90 கிலோ.

எடைக்கல்:
அப்படியானால் சும்மா நிற்கவே 88 நியூட்டன் மீட்டர். இரண்டு ராடிலும் சேர்த்து 220 நியூட்டன், ஒவ்வொரு மோட்டாருக்கும் 8.8 நியூட்டன் மீட்டர், ஓய்வே இல்லாமல். சுடாமல் என்ன செய்யும்? இருக்கையை 10 செ.மீ. பின்னால் தள்ளுங்கள். கிராங்கையும் 4 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். சாய்வு 5.7 டிகிரிதான் கிடைக்கும், ஆனால் புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு முதுகில் அழுத்தும். திரையோடு சேரும்போது அதுவே தாராளம்.

இன்னொன்று: பாட் ஒயர் கழன்றால் மோட்டார் முழு வேகத்தில் ஓடலாம். அளவு 50க்குக் கீழோ 970க்கு மேலோ போனால் மோட்டாரை நிறுத்தும்படி கோடில் எழுதுங்கள். கை எட்டும் இடத்தில் மோட்டார் சப்ளையையே துண்டிக்கும் சிவப்புப் பொத்தானும் வேண்டும்.

மரச்சட்டம்:
எல்லாம் செய்துவிட்டேன். நடுக்கம் போயே போச்சு, அரை மணி நேரம் ஓட்டியும் மோட்டார் வெதுவெதுப்புதான். திசை மாறும்போது மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம்.

பல்சக்கரம்:
ராடு முனை போல்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், துளை பெரிதாகியிருக்கும்.