செகண்ட் கியர் போட்டால் கர்ர்ர் சத்தம், அவசர உதவி தேவை

பாலக்கோடு_பையன்:
வணக்கம். செகண்ட் கியர் போடும்போதெல்லாம் கர்ர்ர் என்று அரைக்கிறது. ஃபர்ஸ்ட், தேர்டு, டாப் எல்லாம் ஒழுங்காக விழுகிறது. இங்கே ஒரு மெக்கானிக் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் அப்படியே ஓட்டு, ஒன்றும் ஆகாது என்கிறார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு சேலம் போகணும். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மாங்கனி_மாவட்டம்:
எந்த வண்டி?

பென்னாகரத்தான்:
வண்டி என்ன, எந்த வருஷ மாடல், கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கும்போது அரைக்கிறதா, ஃபர்ஸ்டிலிருந்து ஏற்றும்போதா? காலையில் மட்டுமா, சூடான பிறகுமா? ஒன்றுமே சொல்லாமல் சீக்கிரம் சொல்லு என்றால் எப்படிங்க?

கேபிள்_டைட்:
எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். கேபிள் தொய்ந்துவிட்டால் பெடலை அடிவரை மிதித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது. அந்த இழுப்பில்தான் பல் அரைக்கும். அட்ஜஸ்ட்மென்ட் நட்டைக் கொஞ்சம் முறுக்கினால் வேலை முடிந்தது. இதற்குப் போய்ப் பாக்ஸை இறக்கிக் காசு கறக்கிறார்கள்.

கியர்வாத்தியார்:
இதே கேள்வி இங்கே பல தடவை வந்து பதிலும் சொல்லியாகிவிட்டது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே சும்மாதான் இருக்கிறது. கேபிள்காரர் கவனத்துக்கு: கிளட்ச் இழுத்தால் எல்லாக் கியரும் அடம் பிடிக்கும், செகண்ட் மட்டும் தனியாக அரைக்காது. இது சிங்க்ரோ. 1928இல் கேடிலாக் கார்களில் வந்த சங்கதி. நூறு வருஷம் ஆகப் போகிறது, நம் ஆட்களுக்கு இன்னும் அது என்னவென்றே தெரியவில்லை.

மாங்கனி_மாவட்டம்:
தெரியாததால்தானே வாத்தியாரே கேட்கிறார். சொல்லிக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

ஓசூர்_லேத்:
நான் சொல்கிறேன். நகர்கிற பஸ்ஸில் ஏறுகிறவன் கூடவே நாலடி ஓடி, வேகம் பிடித்துத்தான் படியில் கால் வைப்பான். கியருக்கு அந்த நாலடி ஓட்டத்தைக் கொடுப்பதுதான் சிங்க்ரோ ரிங்.

பித்தளை ரிங் அது. உள்பக்கம் சரிவாக இருக்கும், அதில் மெல்லிய வரிகள் வெட்டியிருப்பார்கள். லிவரைத் தள்ளியதும் ரிங் போய்க் கியரின் கோன், அதாவது கூம்பான பக்கம், மேல் அழுந்தும். வரிகள் நடுவில் இருக்கும் ஆயிலை வழித்துத் தள்ளிவிட்டு உரசிப் பிடிக்கும், இரண்டின் வேகமும் ஒன்றாகும். அதுவரை ஸ்லீவை, அதாவது கியரைக் கவ்வ நகர்ந்து வருகிற பல்வளையத்தை, உள்ளே விடாமல் மறித்து நிற்பதும் அதே ரிங்தான். வரி மழுங்கிவிட்டால் பிடிப்பு போய்விடும், மறிப்பும் போய்விடும். ஸ்லீவ் நேரே போய்க் கியரின் பல்லில் முட்டும். நீங்கள் கேட்கிற கர்ர் அதுதான். ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் வேக வித்தியாசம் அதிகம், ஊருக்குள் ஓயாமல் போடுவதும் செகண்ட். அதனால் பெரும்பாலும் அந்த ரிங்தான் முதலில் போகும்.

ஆனாலும் கேபிள்காரர் சொல்வதைச் சோதித்துவிட்டு மேலே போகலாம். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுசாக விட்டிருந்தால் சத்தமில்லாமல் விழும். அரைத்தால் கிளட்ச் இழுக்கிறது என்று அர்த்தம். அப்போது பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

அம்பாசடர்_பேரன்:
எங்கள் தாத்தாவின் பழைய பெட்ரோல் அம்பாசடரில் ஃபர்ஸ்ட் கியருக்கே சிங்க்ரோ கிடையாது. அவர் காலத்து ஆட்கள் டபுள் கிளட்ச் போட்டே ஓட்டினார்கள். கிளட்ச் மிதி, நியூட்ரலுக்கு வா, கிளட்சை விடு, ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு, மறுபடி மிதி, செகண்ட் போடு. ஏற்றும்போது அந்தத் தட்டு வேண்டாம், நியூட்ரலில் கொஞ்சம் தாமதித்தால் போதும். இப்படிப் போட்டு அரைக்காமல் விழுந்தால் சந்தேகமே வேண்டாம், ரிங்தான் போயிருக்கிறது. பழகிவிட்டால் செலவே இல்லாமல் ஓட்டலாம்.

பாலக்கோடு_பையன்:
மாருதி 800 தான். 97 மாடல், கார்புரேட்டர், நாலு கியர். அப்பா வண்டி. இறக்கும்போதுதான் அதிகம், காலையில் ஏற்றும்போதும் வருகிறது. போன வருஷம் ஒருவர் கியர் ஆயில் மாற்றினார், என்ன ஆயில் என்று தெரியாது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. டபுள் கிளட்ச் போட்டால் செகண்டும் விழுகிறது. தொப்பூர் இறக்கத்தில் எதற்கு வம்பு என்று நியூட்ரலில் விட்டுவிடுவேன், அங்கே பிரச்சினை இல்லை.

ஆயில்_சோதனை:
இதோ காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஆள் ஜிஎல்-5 ரக கியர் ஆயில் ஊற்றியிருப்பார். அதிலுள்ள கந்தகம் பித்தளையைத் தின்றுவிடும். ஆயிலை வடித்து ஜிஎல்-4 ஊற்றுங்கள், ரிங் தானாகச் சரியாகும்.

தொப்பூர்_லாரி:
ஆயிலை விடுங்கய்யா. என்ன தம்பி, தொப்பூரில் நியூட்ரலா? குடும்பத்தை வைத்துக்கொண்டா? சேலம் பக்கம் இறங்குகிற அந்த இறக்கத்தில் பிரேக் காய்ந்து எத்தனை லாரி கவிழ்ந்திருக்கிறது என்று இந்த மாவட்டத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? இன்ஜின் பிடிப்பு இல்லாவிட்டால் வண்டியின் மொத்த பாரமும் பிரேக் மேல்தான். உனக்குத் தேர்டு ஒழுங்காக விழுகிறதே, மேலேயே வேகத்தைக் குறைத்து தேர்டு போட்டு, அதிலேயே இறங்கு. செகண்டே வேண்டாம்.

கியர்வாத்தியார்:
கார்புரேட்டர் வண்டியில் நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சமாவது உண்மை. எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சுகிற வண்டியில்தான் கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். அடிப்படை தெரியாமல் ஆளாளுக்குக் கத்துவது...

தொப்பூர்_லாரி:
மிச்சமாகிற பெட்ரோலில் ஒரு டீ குடிக்க முடியுமா வாத்தியாரே? நான் அந்த இறக்கத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

கியர்வாத்தியார்:
பாதுகாப்பைப் பற்றி நான் பேசவே இல்லை. பெட்ரோலைப் பற்றிச் சொன்னேன். படித்துவிட்டுப் பதில் எழுதவும்.

பென்னாகரத்தான்:
ஒகேனக்கல் போகிற எங்கள் ரோட்டிலும் இதே கூத்துதான். சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். பிரேக் மிதிக்கு இன்ஜின் வாக்குவத்தால் கைகொடுக்கிற பூஸ்டர் உள்ள வண்டியில் இரண்டு மிதியில் வாக்குவம் தீர்ந்து பிரேக் கட்டையாகிவிடும். ஸ்டியரிங்கும் பூட்டிக்கொண்டால் கதை முடிந்தது.

அம்பாசடர்_பேரன்:
எங்கள் தாத்தா இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார், 80 வயது வரை வாழ்ந்தார்.

தொப்பூர்_லாரி:
அது அவர் செய்த புண்ணியம். சொல்லித் தருகிற விஷயமா இது?

மாங்கனி_மாவட்டம்:
இழை செகண்ட் கியரைப் பற்றியது. நியூட்ரல் பஞ்சாயத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லேத் அண்ணா, இனி அவர் என்ன செய்யணும்?

ஓசூர்_லேத்:
ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது, டபுள் கிளட்சுக்கு செகண்ட் மசிகிறது. கிளட்ச் மேல் தப்பில்லை, ரிங் தேய்ந்திருக்கிறது.

ஆயில் விஷயத்தில் பாதி சரி. இன்றைக்கு வருகிற ஜிஎல்-5 எல்லாமே பித்தளையை அரிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் வழுக்கல் அதிகம், ரிங் கோனைப் பிடிக்கத் திணறும். ஜிஎல்-5 வேண்டியது அம்பாசடர், ஜீப், ஆம்னி மாதிரி பின்சக்கரம் இழுக்கிற வண்டிகளின் பின் அச்சில் இருக்கும் ஹைபாய்டு கிரவுன் பல்சக்கரத்துக்கு. 800 முன்சக்கரம் இழுக்கிற வண்டி, கிரவுன் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அது சாதாரணச் சாய்வுப் பல்தான். ஆகவே 80டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊற்றிப் பாருங்கள், செலவு குறைவு. காலையில் வருகிற முரட்டுத்தனம் குறையலாம். தேய்ந்த வரி மட்டும் எந்த ஆயிலாலும் முளைக்காது.

அவசரம் இல்லை, ஆனால் வருஷக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொரு கர்ருக்கும் ஸ்லீவின் பல் நுனியும் கியரின் பல் நுனியும் உருண்டுகொண்டே வரும். உதிர்கிற தூள் ஆயிலோடு சுற்றி பேரிங்கில் போய் உட்காரும். கொஞ்ச நாளில் செகண்ட் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பிக்கும். அப்புறம் ரிங்கோடு வேலை முடியாது.

ரிங் மாற்ற பாக்ஸைக் கீழே இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரிங்கைக் கோன் மேல் வைத்துக் கையால் அழுத்தித் திருகினால் பிடிக்கணும். வழுக்கினால் போச்சு. அப்படி அழுத்தியபடியே ரிங்குக்கும் கியரின் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். ரிங் தேயத் தேய அந்தச் சந்து ஒடுங்கும். ஸ்லீவுக்குள் இருக்கும் கீ என்கிற சின்ன உலோகத் துண்டு, அதன் ஸ்பிரிங், ஸ்லீவைத் தள்ளுகிற ஃபோர்க் எல்லாம் ஒரு பார்வை. பாக்ஸ் கீழே வந்த சாக்கில் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், அதற்கென்று தனிக் கூலி கொடுக்க வேண்டாம்.

பாக்ஸையே மாற்றச் சொல்கிறவர் பழைய பாக்ஸைத்தான் தருவார். அதுவும் இதே வயசு வண்டியில் இருந்து கழற்றியது, அதன் செகண்ட் ரிங் மட்டும் புதிதாகவா இருக்கும்?

பென்னாகரத்தான்:
ரிங் தர்மபுரியில் கிடைக்காவிட்டால் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் தேடலாம். ஸ்லீவ் தேவைப்பட்டால் அது உட்காருகிற ஹப்போடு சேர்த்தே கேளுங்கள். பழைய ஹப்பில் புது ஸ்லீவ் சில சமயம் ஒழுங்காக உட்காராது.

ஆயில்_சோதனை:
நான் சொன்ன ஜிஎல்-4ஐத்தான் அவரும் சொல்கிறார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

மாங்கனி_மாவட்டம்:
பாலக்கோடு தம்பி, என்ன ஆச்சு? சேலம் போய் வந்தீர்களா?

தொப்பூர்_லாரி:
ஆளையே காணோம். தேர்டில்தானே இறங்கினாய்?

பாலக்கோடு_பையன்:
பாக்ஸை இறக்கியாச்சு. செகண்ட் ரிங் உள்ளே மொழுக்கென்று இருந்தது, வரியே இல்லை. ஸ்லீவ் பல் நுனியும் உருண்டிருந்தது. ரிங், ஸ்லீவ், ஹப் மாற்றியாச்சு. ஜிஎல்-4 ஊற்றியிருக்கிறது. இப்போது விழுகிறது. எல்லாருக்கும் நன்றி.

கேபிள்_டைட்:
கேபிளையும் அட்ஜஸ்ட் செய்தார்களா?

பென்னாகரத்தான்:
மொத்தம் எவ்வளவு ஆச்சு? ஹப் எங்கே கிடைத்தது? என்னுடையது 98 மாடல், தேர்டு இப்போதுதான் லேசாக ஆரம்பித்திருக்கிறது.