கில்லட்டினுக்குத் தமிழ்: 'மடையடைப்பு' சரிப்படுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

போட்டித் தேர்வு எழுதும் தமிழ்வழி மாணவர்களுக்காக நாடாளுமன்ற நடைமுறை பற்றி ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சென்ற மடலில் சொல்லியிருந்தேன். மக்களவையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைக் காலை 11 மணியிலிருந்து வரிசையாகச் சொல்வதுதான் திட்டம். மதியம் வரை சிரமமே இல்லை. கேள்வி நேரம், நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, துணைக் கேள்வி, பூஜ்ய நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம் எல்லாம் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கே பழகிய சொற்கள். மாலையில், விவாதிக்க நேரமில்லாத செலவுக் கோரிக்கைகளைக் குறித்த நேரத்தில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். கில்லட்டின்.

அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தரச் சொல்லிக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன், எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வந்த பதில்களில் பாதி வேறு எதற்கோ சொல் தேடியிருக்கின்றன.

பட்ஜெட் தாக்கலான பிறகு ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு வேண்டிய தொகையை மானியக் கோரிக்கையாக மக்களவையின் முன் வைக்கிறது. மொத்தம் நூற்றுச் சொச்சம் கோரிக்கைகள். அத்தனையையும் விவாதிக்க நேரம் கிடையாது. சில அமைச்சகங்களை மட்டும் தேர்ந்தெடுத்து விவாதிப்பார்கள். விவாதத்துக்கு ஒதுக்கிய நாள்களில் கடைசி நாள் மாலை 5 மணிக்கு, அல்லது சபாநாயகர் முன்கூட்டியே குறித்த வேறு நேரத்துக்கு, எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தும் விவாதம் இல்லாமல் வாக்கெடுப்புக்கு விடப்படும். மக்களவை நடைமுறை விதி 208 சொல்வது இதைத்தான். அலுவல் பட்டியலில் உள்ள எண்களைச் சொல்லி, 'ஆம்' என்போர் 'ஆம்' என்க, 'இல்லை' என்போர் 'இல்லை' என்க என்று கேட்டு, குரல் வாக்கெடுப்பில் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றைக்கே நிதி ஒதுக்கீட்டு மசோதாவும் வந்து நிறைவேறிவிடும்.

ஆக, நமக்கு வேண்டிய சொல்லில் மூன்று விஷயம் தொனிக்க வேண்டும்: நேரம் முன்பே குறிக்கப்பட்டது, பேச்சு நிற்கிறது, பேசப்படாதவையும் சேர்ந்தே நிறைவேறுகின்றன.

> 'கில்லட்டின்' என்றே வைத்துக்கொண்டால் என்ன குறை? பஸ், பேங்க் என்கிறோமே.

குறை ஒன்றும் இல்லை, ஐயா. அடைப்புக்குறிக்குள் போடாமல் 'கில்லட்டின் முறை' என்றே எழுதினாலும் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஒரு படத்தைக் காட்டுகிறது, தமிழில் காட்டவில்லை. மேலிருந்து சட்டென்று விழுந்து தலையைத் துண்டிக்கும் கத்தி. அதை அறிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். நம் மாணவருக்கு அது வெறும் ஓசை.

இன்னொன்று. கில்லட்டின் ஒரு மனிதரின் பெயர். கியோத்தின் என்ற மருத்துவர், பிரெஞ்சுத் தேசிய மன்றத்தின் உறுப்பினர். மரண தண்டனை என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி, வலியில்லாமல் இருக்கட்டும் என்று 1789-இல் அவையில் பேசினார். கருவியை வடிவமைத்தவர் அந்துவான் லூயி என்ற இன்னொரு மருத்துவர். 1792 ஏப்ரலில் முதன்முதலாகப் பயன்பட்டது. கியோத்தின் மரண தண்டனையையே விரும்பாதவர். பெயர் மட்டும் அவர் தலையில் விழுந்துவிட்டது. நாமும் அதைச் சுமக்க வேண்டுமா என்று எனக்கு ஒரு தயக்கம். இது மொழியியல் வாதம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

> தலைவெட்டு முறை, வெட்டு முறை

இது முடியவே முடியாது. 'வெட்டு' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மானியக் கோரிக்கையில் தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சியினர் கொடுப்பது வெட்டுத் தீர்மானம். கொள்கையே பிடிக்கவில்லை என்றால் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் என்றால் 100 ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். சிக்கனத்துக்காக என்றால் குறிப்பிட்ட தொகை. கில்லட்டின் விழும் அதே மாலையில், அதற்குச் சற்று முன்னால், இந்த வெட்டுத் தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்து தோற்கும். ஒரே பக்கத்தில் இரண்டு வெட்டு வந்தால் படிக்கிற பிள்ளை எதை எழுதும்?

ஒரு வழிகாட்டி ஏட்டில் 'சபாநாயகர் மாலையில் தலை துண்டிக்கும் கருவியைப் பயன்படுத்துவார்' என்று நானே படித்திருக்கிறேன். எழுதியவரைக் குறை சொல்லவில்லை. அகராதி அப்படித்தான் சொல்லியிருக்கும்.

> விவாதத் துண்டிப்பு

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் இதையே எழுதிப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால், இது விவாத முடிப்புக்கும் அப்படியே பொருந்துகிறது. விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது ஓர் உறுப்பினர் எழுந்து, 'போதும், வாக்கெடுப்புக்கு விடுங்கள்' என்று தீர்மானம் கொண்டுவருவது அது. மக்களவையில் விதி 362. கில்லட்டினில் யாரும் எழுந்து கேட்பதில்லை. கடிகாரம் கேட்கிறது.

வரலாற்றிலும் இவை இரண்டும் வேறு வேறு நாளில் பிறந்தவை. அயர்லாந்து உறுப்பினர்கள் பேசிப் பேசியே பிரிட்டிஷ் மக்களவையை நகரவிடாமல் செய்த காலம். 1881 ஜனவரி 31 அன்று தொடங்கிய ஓர் அமர்வு 41 மணி நேரம் நீண்டது. கடைசியில் சபாநாயகர் பிராண்ட் விதி எதுவும் இல்லாமல் தன் பொறுப்பிலேயே அதை முடித்துவைத்தார். அடுத்த ஆண்டு விவாத முடிப்பு விதியானது. அதுவும் போதாமல் 1887-இல் அயர்லாந்துக்கான அடக்குமுறை மசோதாவுக்கு, இத்தனை மணிக்குள் முடியாவிட்டால் மீதி அப்படியே வாக்கெடுப்புக்கு என்று நேரம் குறித்தார்கள். கில்லட்டின் வந்தது அங்கே. ஒன்று கேட்டு நிறுத்துவது, மற்றது குறித்து நிறுத்துவது. சொல்லும் இரண்டாக இருந்தால்தான் பாடம் நிற்கும்.

'துண்டிப்பு' என்றாலே மின்சாரமும் தொலைபேசியும் நினைவுக்கு வருகின்றன என்று ஒரு நண்பர் சொன்னதும் சரிதான். அவை மறுபடி வந்துவிடும்.

> கெடு வாக்கெடுப்பு

பொருளில் மிகச் சரி. 'கெடு' போல நேரத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொல்லும் சொல் வேறு இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் காதில் விழுவது 'கெடு வாக்கு'. பத்திரிகையில் வந்தால் ஆளுங்கட்சியினர் சண்டைக்கு வருவார்கள், எதிர்க்கட்சியினர் ரசிப்பார்கள். கலைச்சொல்லுக்கு இரண்டுமே நல்லதல்ல.

> கூட்டு வாக்கெடுப்பு

இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தோடு குழம்பும். விட்டுவிடலாம்.

இப்போது என் முன்மொழிவு: மடையடைப்பு.

யாராவது தங்குதடையின்றிப் பேசினால் 'மடை திறந்த வெள்ளம்போல்' பேசினார் என்கிறோம். பேச்சு நமக்கு எப்போதும் தண்ணீர்தான். அப்படியானால் பேச்சை நிறுத்துவது மடையை அடைப்பது. மதகின் பலகை செங்குத்தாக இறங்கும் என்பதால் கில்லட்டினின் படமும் கூடவே கிடைக்கிறது, ரத்தம் இல்லாமல். முறைவைத்துத் தண்ணீர் விடும் இடங்களில் எந்த நேரத்துக்கு அடைப்பது என்பதும் முன்பே குறித்ததுதான்.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் இன்னொன்று. கடைமடை. வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல், தண்ணீர் போய்ச் சேராத வயல். அதிகம் விவாதிக்கப்படும் அமைச்சகங்கள் தலைமடை; வாயே திறக்கப்படாமல் நிறைவேறும் அமைச்சகங்கள் கடைமடை. 'இந்த ஆண்டு எந்தெந்த அமைச்சகங்கள் கடைமடையில் நின்றன?' என்று ஒரு கேள்வி எழுதலாம். கில்லட்டினை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாது. ஒரு கலைச்சொல் தன் உறவுக்காரர்களையும் அழைத்துவந்தால் அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

சோதனைக்கு இரண்டு வாக்கியம்:

'2018 மார்ச் 14 அன்று, கூட்டத்தொடர் முடிய மூன்று வாரத்துக்கும் மேல் இருந்தபோதே, அமளிக்கிடையே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் மடையடைப்பில் நிறைவேறின.'

'2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான செலவு, விவாதம் இன்றி மடையடைப்பில் நிறைவேறியது.'

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?

எதிர்வாதங்களை நானே சொல்லிவிடுகிறேன். முதலாவது வினைச்சொல். ஆங்கிலத்தில் கோரிக்கைகளையே செயப்படுபொருளாக வைத்துவிடுகிறார்கள். நாம் 'கோரிக்கைகள் மடையடைக்கப்பட்டன' என்று எழுத முடியாது. அடைபடுவது மடைதான், கோரிக்கை அல்ல. 'மடையடைப்பில் நிறைவேறின' என்று சுற்றித்தான் போக வேண்டும்.

இரண்டாவது, இலங்கையிலிருந்து எழுதிய அம்மா கேட்டது: வாக்கெடுப்பு என்பதே சொல்லில் இல்லையே? முதல் முறை 'மடையடைப்பு வாக்கெடுப்பு' என்று எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். உங்கள் நாடாளுமன்றத்தில் 'முதற்கோலாசான்' என்று இருப்பதை நாங்கள் 'கொறடா' என்கிறோம். கையில் கோல் வைத்திருக்கும் ஆசான் ஒரு பக்கம், குதிரைச் சவுக்கு ஒரு பக்கம். கட்சி உறுப்பினரை வாக்களிக்க வைக்கும் வேலை இரண்டிலும் நேராக இல்லை, படம்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டும் ஓடுகின்றனவே. சிங்கப்பூர் நாடாளுமன்றத்திலும் பட்ஜெட் ஒதுக்கீட்டு விவாதத்தில் ஓர் அமைச்சுக்கான நேரம் தீர்ந்ததும் கில்லட்டின் நேரம் என்றுதான் அறிவிக்கிறார்கள். அங்கே உள்ள நண்பர்கள் தமிழில் என்ன எழுதுகிறார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. கடைமடை என்றாலே அநியாயம் என்ற தொனி வந்துவிடுகிறது. பாடப்புத்தகம் பக்கம் சாயலாமா? மடையடைப்பு இல்லாவிட்டால் விவாதம் முடியாது, நிதியாண்டின் செலவுக்கு ஒப்புதல் கிடைக்காது. தவிர, 1993-இலிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. இப்போது 24 குழுக்கள். அவையில் பேசவில்லை என்பதால் யாருமே பார்க்கவில்லை என்று ஆகாது. அதனால் பாடத்தில் 'மடையடைப்பு' மட்டும் இருக்கும். 'கடைமடை'யைப் பயிற்சிக் கேள்வியில் வைக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.

பி.கு.: 'கங்காரு முடிப்பு' என்று ஒன்று இருக்கிறது, முக்கியமான திருத்தங்களை மட்டும் விவாதத்துக்கு எடுத்து மற்றவற்றைத் தாண்டிப் போவது. அதற்கு யாருமே சொல் தரவில்லை. 'தாவல் முடிப்பு' என்று எழுதினேன். பிழை திருத்திய நண்பர், கணினி உலாவியில் தாவலை மூடுவது என்று நினைத்துவிட்டார். 'தாண்டு முடிப்பு' தேறுமா?