நம் வீட்டார் குழுவில் நூறு பொத்தான்கள்

அம்மா, மாலை 6:40
தாமரையின் வகுப்பு ஆசிரியை ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரே வகைப் பொருளில் நூறு எண்ணி எடுத்து வர வேண்டுமாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே வந்து ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டுமாம். எனக்கும் இவருக்கும் அன்று விடுப்புக் கிடைக்காது. யார் போகிறீர்கள்?

பெரியப்பா, 6:44
நூறு வரை எண்ணுவதற்கு ஒரு நிகழ்ச்சியா? நான் ஒன்றாம் வகுப்பிலேயே பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தவன்.

அத்தை, 6:45
ஒப்பித்தது உண்மைதான், அண்ணா. நடுவில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து தொடங்குவீர்கள் என்பதும் உண்மைதான்.

பாட்டி, 6:51
என் தையல் பெட்டியில் இருந்த பொத்தான்களைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டேன். மூடியின் மேல் "எத்தனை?" என்று எழுதியும் ஒட்டிவிட்டேன்.

அம்மா, 7:05
நிறவாரியாகப் பிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ துளைகளை வைத்துப் பிரிக்கிறாள். இரண்டு துளை உள்ளவை ஒரு பக்கம், நான்கு துளை உள்ளவை மறுபக்கம். நான்கு துளைப் பொத்தான்களுக்கு நிறையக் கண்கள் இருப்பதால் அவைதான் பெரியவர்களாம். இரண்டு துளைப் பொத்தான்களை எண்ணித் தாளில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பெரியப்பா, 7:11
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 29, 30 வரை சரியாக இருக்கிறது. அடுத்ததாக 301, 302, 303 என்று போகிறது. அந்த வீட்டில் இருக்கும் நான்கு பேரில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லையா? உடனே அழித்துவிட்டு நூறு முறை எழுத வையுங்கள்.

சித்தி, 7:24
அத்தான், அந்த 301ஐ அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காதில் விழுந்ததை அவள் அப்படியே எழுதியிருக்கிறாள்: முப்பத்தொன்று என்ற சொல்லுக்குள் முப்பதும் ஒன்றும் இருக்கின்றன, ஆகவே 30 எழுதி அதன் பக்கத்தில் 1 எழுதிவிட்டாள். எண்ணின் பெயரைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த குழந்தைதான் இந்தத் தவற்றைச் செய்யும். அவளுக்கு இன்னும் பிடிபடாதது, எழுதும்போது அந்தப் பூஜ்யம் இருந்த இடத்தில்தான் ஒன்று வந்து உட்காரும் என்பது மட்டுமே. நூறு முறை எழுத வைத்தால் 31 என்ற உருவம் கைக்கு வரும், காரணம் வராது. நாளை 41இல் இதே கதை மறுபடியும் தொடங்கும். என் வகுப்பில் இதற்கென்று அட்டைகள் வைத்திருக்கிறேன். 30 என்று எழுதிய நீளமான அட்டையின் மேல் 1 என்று எழுதிய பாதி அட்டையைப் பூஜ்யம் மறையும்படி வைக்க வேண்டும். மாண்டிசோரி வகுப்புகளில் பழகிப்போன உத்திதான் இது. குழந்தை ஒன்றைத் தூக்கிப் பார்க்கும், அடியில் பூஜ்யம் ஒளிந்திருக்கும், மூடும், மறுபடியும் தூக்கிப் பார்க்கும். பத்துப் பொத்தானை ஒரு நூலில் கோத்து ஒரு மாலையாக்கினால் இதே கணக்கு விரலிலும் படும். ஆசிரியை நூறு பொருள் கேட்டது எண்ணுவதற்காக மட்டும் இருக்காது. பத்து பத்தாகக் கட்டிப் பார்ப்பதற்காகவும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான், 7:26
சித்தியின் பதிலைப் படித்து முடிப்பதற்குள் தாமரை நூறையும் எண்ணி முடித்துவிடுவாள்.

பெரியப்பா, 7:27
நான் கேட்டது ஒரு கேள்வி. எனக்குக் கிடைத்தது ஒரு பயிற்சி வகுப்பு.

அப்பா, 7:40
நூலில் கோக்கத் தொடங்கிவிட்டோம். எட்டு மாலைகள் முடிந்தன, ஒன்பதாவதைக் கோத்தபடியே எண்பத்தொன்பது வரை வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு "ஒன்பத்து, ஒன்பத்தொன்று, ஒன்பத்திரண்டு" என்று தானாகவே மேலே போய்விட்டாள். திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா?

சித்தி, 7:43
திருத்துங்கள், ஆனால் சிரிக்காதீர்கள். எழுபது, எண்பது என்று வந்த வரிசையில் அடுத்தது எப்படி இருக்க வேண்டும் என்று அவளே ஊகித்திருக்கிறாள். ஊகம் சரிதான், நம் மொழிதான் அந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. ஒன்பது பத்துக்கு நாம் நூறின் பெயரைக் கடன் வாங்கித் தொண்ணூறு என்கிறோம், ஒன்பது நூறுக்கு ஆயிரத்தின் பெயரைக் கடன் வாங்கித் தொள்ளாயிரம் என்கிறோம். எண்பத்தொன்பதுக்கு அடுத்து இடறாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெரியப்பா, 7:49
இதற்கு நன்னூலில் தனிச் சூத்திரமே இருக்கிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதையும், ஒன்பதும் நூறும் சேர்ந்து தொள்ளாயிரம் ஆவதையும் பவணந்தி முனிவர் அங்கேயே சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் விளக்கத்தோடு அனுப்புகிறேன்.

அத்தை, 7:50
வேண்டாம், அண்ணா.

அம்மா, 7:58
எழுத்துப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். பாட்டி பெட்டியில் எழுதிய "எத்தனை" பழைய வடிவத்தில் இருக்கிறது. னகரத்தின் முன்னால் சுழித்துக்கொண்டு நிற்கும் பழைய ஐகாரக் குறி. "இது தும்பிக்கையா?" என்று தாமரை கேட்டாள். பாட்டியும் ஆமாம் என்று சொல்லி "யானை" என்று எழுதிக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து யானையைத் தும்பிக்கை இல்லாமல் எழுத மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். சொல் எழுதும் ஏட்டில் ஆசிரியை இரண்டு முறை வட்டமிட்டுவிட்டார்.

பாட்டி, 8:02
நான் படித்த எழுத்தைத்தான் நான் எழுத முடியும். யானைக்குத் தும்பிக்கை வேண்டாம் என்று யார் சொன்னது?

பெரியப்பா, 8:06
அரசு சொன்னது, அம்மா. 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணை போட்டு 13 எழுத்துகளை மாற்றியது. ணை, லை, ளை, னை என்ற நான்கும் அவற்றுள் அடக்கம். மற்றவை ணா, றா, னா வரிசையிலும் அவற்றின் ஒகர ஓகாரங்களிலும் வருபவை. நான் தும்பிக்கையோடு கற்றுக்கொண்டு, பிறகு தும்பிக்கை இல்லாமல் எழுதப் பழகியவன்.

அத்தை, 8:08
உங்களுக்கு எழுத்தை மட்டுமா மாற்றினார்கள்? கையையும் அல்லவா மாற்றினார்கள்.

பாட்டி, 8:15
அந்தப் பேச்சு இப்போது எதற்கு? இடது கையால் எழுதினால் பள்ளியில் அடி விழும் என்று பயந்துதான் உங்கள் அப்பா அப்படிச் செய்தார்.

பெரியப்பா, 8:21
நான் ஒன்றும் சொல்லவில்லையே, அம்மா.

சித்தி, 8:22
யானையைப் பொறுத்தவரை ஆசிரியை வட்டமிட்டது சரிதான். தும்பிக்கையைப் படத்தில் வரையட்டும், சொல்லை இன்றைய வடிவில் எழுதட்டும். பழைய எழுத்து பாட்டிக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த எழுத்தாக இருக்கட்டுமே.

பாட்டி, 8:24
பெட்டியில் எழுதியதை மாற்ற மாட்டேன்.

அம்மா, 8:26
மாற்ற வேண்டாம். கை என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், தாமரையும் இடது கையால்தான் எழுதுகிறாள். ஆசிரியை அதைத் தடுக்கவில்லை. தாளின் மேல்பக்கம் வலப்பக்கமாகச் சாயும்படி வைத்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறார். பென்சிலையும் முனையிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா, 8:33
எழுதி முடித்த எழுத்தின் மேலேயே கை போகுமே, அழிந்துவிடாதா?

அம்மா, 8:35
தாளைச் சாய்த்தால் கை வரிக்குக் கீழே வந்துவிடுகிறது, அத்தான். முன்பெல்லாம் அவளுடைய உள்ளங்கை ஓரம் கரியாக இருக்கும். இப்போது அவ்வளவாக இல்லை.

பெரியப்பா, 8:52
இந்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி எத்தனை மணிக்கு?

அத்தை, 8:52
அப்படியானால் பெரியப்பா போகிறார் என்று எழுதிக்கொள்ளலாமா?

பெரியப்பா, 8:54
நேரம் மட்டும்தான் கேட்டேன்.

அப்பா, 9:10
பத்தரை மணிக்கு, அண்ணா. இங்கே ஒன்பது மாலைகளில் பத்துப் பத்துப் பொத்தான்கள் இருக்கின்றன, பத்தாவது மாலையில் ஒன்பதுதான் இருக்கின்றன. யாரிடமாவது ஒரு பொத்தான் இருக்கிறதா? நான்கு துளை உள்ளதுதான் வேண்டும் என்கிறாள்.